மர்ஷூதா டீச்சரின் வாய்

புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கம், வடக்கிலிருந்து வந்து குடியேறிய சனங்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு முன்பள்ளி இருக்கிறது. அங்கே இரண்டு டீச்சர்மார். ஒருத்தி ஹஃபீலா. அவள் அதட்டினால் களப்பில் நிற்கிற கொக்குகூடப் பறந்துவிடும். மற்றவள் மர்ஷூதா. அவள் பேசுவது பக்கத்தில் இருக்கிறவளுக்கே பாதிதான் கேட்கும். முப்பத்தொன்பது வயதாகியும் அவள் உரத்துக் கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை. மீன்காரன் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் ஓடிப்போய்ப் பிடிப்பாளே தவிர, நின்ற இடத்தில் நின்று கூப்பிடமாட்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காய்?" என்று கேட்டுக் கேட்டு ஊர் அலுத்தது. பிறகு, அவளுடைய குணம் அப்படித்தான் என்று விட்டுவிட்டது. ஒருத்தருக்கு ஒரு குணத்தைச் சூட்டிவிட்டால் ஊரின் வேலை முடிந்துவிடும், அதற்கு மேல் யாரும் மினக்கெடமாட்டார்கள்.

அவளிடம் வேறு சில பழக்கங்களும் இருந்தன. யோசனை வந்தால் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடிப்பாள். பயம் வந்தால் நாக்கில் இரும்புச் சுவை ஊறும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாய் என்று புருஷன் றிப்னாஸ் விடியற்காலையில் இறால் பண்ணைக்கு வேலைக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போவான். எல்லாவற்றிலும் விசித்திரமானது அவளுடைய எண்ணிக்கை. பள்ளி விடுவதற்கு முன் பிள்ளைகளைத் தலை எண்ணி அனுப்புவது முறை. மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். மர்ஷூதா எண்ணினால் எப்போதும் இருபத்து நான்கு வரும். திரும்ப எண்ணுவாள். திரும்பவும் இருபத்து நான்கு. "ஒன்னொட கணக்குல ஒரு ஜின்னுப் புள்ளயும் படிக்குது போல" என்று ஹஃபீலா சிரிப்பாள். மர்ஷூதாவும் சிரிப்பாள், ஆனால் அந்த ஒன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அவளுடைய கண் தேடும்.

போன பெப்ரவரியில்தான் விஷயம் வெளியே வந்தது. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் பின்பக்கமாக வந்து பள்ளி வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. நான்கு வயது றைஸா, கழன்று விழுந்த தன் செருப்பை எடுக்க அதன் பின்சில்லுக்கு நேரே ஓடினாள். மர்ஷூதா பத்து அடி தள்ளி நின்றாள். எல்லாம் அவள் கண்ணுக்கு நேரே நடந்தது. பிள்ளை குனிகிறது, பவுசர் வருகிறது. ஒரு சத்தம் போட்டால் போதும். அவளுக்கு வாய் திறக்கவில்லை. பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாக்கில் அந்த இரும்புச் சுவை. உள்ளே இருந்த ஹஃபீலா யன்னலால் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில்தான் சாரதி பிரேக் போட்டான். சில்லுக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும்.

றைஸாவின் வாப்பா அன்றைக்கே வந்து நின்றார். "அந்த டீச்சர் ஊமையா? ஊமையெண்டா ஏன் புள்ளைகளுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், யார் மறுக்க முடியும்? நிர்வாகக் குழு கூடியது. எடுத்துக்கொண்டிருக்கிற முன்பள்ளி டிப்ளோமாவை ஒழுங்காக முடிக்க வேண்டும், இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று முடிவு சொன்னார்கள். வேலை போனால் போகட்டும் என்றுதான் மர்ஷூதா நினைத்தாள். அவளுடைய பயம் வேறு. அடுத்த முறை யன்னலில் ஹஃபீலா இல்லாவிட்டால்? ஒரு பிள்ளை சாவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியபடி நிற்பேனா? அந்தக் கேள்வி சோற்றிலும் தண்ணீரிலும் அவளோடு இருந்தது.

டிப்ளோமா வகுப்பு சனிக்கிழமைகளில், புத்தளம் நகரத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்தது. முப்பது முன்பள்ளி டீச்சர்மார், இரண்டு காற்றாடிகள். உளவியல் படிப்பித்தவர் றோசலின் மிஸ். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்டவர். ஐம்பத்தைந்து வயது, கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும்.

"நூறு வருசத்துக்கு முதல் வியன்னாவில ஒரு வைத்தியர் சொன்ன கதை இது" என்று அவர் தொடங்கினார். "பிறக்கேக்க பிள்ளையிட்ட ஆசை மட்டும்தான் இருக்குது. வேணும், இப்பவே வேணும். அதுக்குப் பேர் இட். பிறகு உலகம் பொறு எண்டு பழக்குது. அந்தப் பழகின பங்கு ஈகோ. கடைசியா, அம்மாவும் அப்பாவும் வெளியில நிண்டு சொன்ன 'செய்யாத' எல்லாம் உள்ளுக்கு வந்து குடியிருக்குது. அது சுப்பர் ஈகோ. அம்மா வீட்டில இல்லாட்டியும் அது வீட்டில இருக்கும். அம்மா மண்ணுக்குள்ள போனாலும் இருக்கும்."

பிறகு பருவங்களைச் சொன்னார். வாய்வழிப் பருவம். குதவழிப் பருவம். இரண்டாவது பெயரைக் கேட்டதும் முப்பது பேரும் முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள். றோசலின் மிஸ் இதையெல்லாம் எத்தனையோ வகுப்பில் பார்த்தவர், சிரித்து முடியும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பருவத்தில் பிள்ளையின் ஆசை அளவுக்கு மிஞ்சித் தடைபட்டால், மனதின் ஒரு துண்டு அங்கேயே தங்கிவிடும் என்றார். "வாய்வழிப் பருவத்தில தங்கினவை வளந்த பிறகும் நகம் கடிப்பினம், பேனை கடிப்பினம், சீலைத் தலைப்பைக் கடிப்பினம்."

ஹஃபீலா முழங்கையால் இடித்தாள். "அடியே, மிஸ் ஒன்னத்தான் சொல்றா." மர்ஷூதா வாயிலிருந்த முக்காட்டு நுனியை மெல்ல வெளியே எடுத்தாள். அது நனைந்திருந்தது. வகுப்பு திரும்பவும் சிரித்தது.

"சிரிக்க ஒண்டுமில்லை. நான் கண்ணாடிக் காலைக் கடிக்கிறனான்" என்றார் றோசலின் மிஸ்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மர்ஷூதா உம்மாவிடம் கேட்டாள். உம்மா றஹ்மத் உம்மா அவளோடுதான் இருந்தார். அறுபத்து மூன்று வயது, வாய் ஓயாத மனுசி. "உம்மா, எனக்குப் பால் எப்ப மறக்கடிச்சீங்க?"

"ரெண்டு வயசு தாண்டியும் விட்டாய் இல்ல. வேப்பெண்ண தடவித்தான் மறக்கடிச்சேன். தம்பி முபாரிஸ் வயித்தில இருந்தான். ஏன்?"

ஆக, வயிறாரக் குடித்துத்தான் வளர்ந்திருக்கிறாள். வியன்னா வைத்தியரின் கதை இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. மர்ஷூதாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம். நோய்க்குப் பெயர் கிடைத்தாலாவது மருந்து தேடலாம் என்று நினைத்திருந்தாள்.

முபாரிஸ் என்றால் அவளுடைய ஒரே தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், மன்னார்த் தீவிலிருந்து முஸ்லிம் சனங்கள் எல்லாரையும் இயக்கக்காரர் துவக்கோடு வந்து வெளியேறச் சொன்னபோது அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது. வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து, அங்கே அகதி முகாமில் காய்ச்சல் கண்டு தம்பி மௌத்தானான் என்பது வீட்டுக் கதை. அவனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வசனம் வீட்டில் இல்லை. ஒரு படம் இல்லை, ஒரு சட்டை இல்லை. வாப்பா இருந்தவரை அவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் றோசலின் மிஸ் ஒரு ஒப்படை கொடுத்தார். உங்களுடைய ஆகப் பழைய நினைவை எழுதுங்கள். மற்றவர்கள் கொழும்புப் புகைவண்டி, மாமி கலியாணம், நாய் துரத்தியது என்று எழுதினார்கள். மர்ஷூதா நான்கு வரி எழுதினாள். கடல். நல்ல வெயில். ஒரு நீலத் தண்ணீர்க் கேன், சிவப்பு மூடியோடு, வள்ளத்துக்குப் பின்னால் மிதந்து தூரப் போகிறது. பார்க்க வடிவாக இருக்கிறது.

வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு றோசலின் மிஸ் அவளை நிற்கச் சொன்னார். தாளைக் கையில் வைத்திருந்தார்.

"இந்த மூடியின்ர நிறம் கூட ஞாபகம் இருக்கு. வேற ஆர் இருந்தவை எண்டு ஏன் எழுதேல்லை?"

"ஞாபகமில்ல மிஸ். கேன் மட்டும்தான்."

"அகதியா வாற வள்ளம். அழுகை, சனம், பயம். அதெல்லாம் இல்லை, ஒரு கேன் மட்டும் பளிச்செண்டு நிக்குது." அவர் கண்ணாடியை எடுத்து அதன் காலைக் கடித்தார். "ஒண்டுக்கும் உதவாத நினைவு இப்பிடி மினுங்கினா, அது மூடியாத்தான் இருக்கும் எண்டு சொல்லுவினம். மனம் பெரிசு ஒண்டைக் கீழ வைச்சு, சின்னது ஒண்டால மூடும். ஆனா பிள்ளை, நான் படிப்பிக்கிறவள், வைத்தியர் இல்லை. திறக்கச் சொல்லி நான் சொல்லமாட்டன்."

சொல்லமாட்டேன் என்று சொன்னதே போதுமாக இருந்தது. அதன் பிறகு மர்ஷூதா களப்பைப் பார்க்கும் நேரமெல்லாம் அந்தக் கேனைப் பார்த்தாள். சோறு வடிக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போது, கேன் மிதந்தது. பஸ்ஸில் போனால் பின் ஆசனத்தில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு இருப்பது போல் தோன்றும். திரும்பிப் பார்த்தால் மரக்கறிச் சாக்கு இருக்கும். பேய்க்குப் பயப்படுகிற ஆள் அல்ல அவள், மனிதர்களிடம் பட்டதே அவளுக்குப் போதும். ஆனால் யாரோ தன்னை எதற்காகவோ பார்த்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வை அவளால் உதற முடியவில்லை.

திறந்தது ஒரு சாதாரணப் புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. பிள்ளைகள் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். றைஸா ஒரு மணியை வாய்க்குள் போட்டுக்கொண்டாள். விழுங்கிவிடுவாளோ என்று மர்ஷூதா ஓடிப்போய் அவளுடைய தாடையைப் பிடித்து, நாக்குக்குக் கீழே விரலை விட்டாள். ஈரமும் சூடும் விரலில் பட்ட அந்த நொடி, ஒரு விரல் மர்ஷூதாவின் வாய்க்குள் இருந்தது. உம்மாவின் விரல். சீலைத் துண்டில் முடிந்த ஏதோ ஒன்றை நாக்குக்குக் கீழே அமத்துகிறது. துணி, துணிக்குள் கட்டியாக உலோகம். "வாயத் தொறந்தா உசிரு போகும். அழக் கூடாது, கதைக்கக் கூடாது. கல்பிட்டி போய் நான் எடுக்கும் மட்டும் தொறக்காத."

மணியை வெளியே எடுத்துவிட்டு மர்ஷூதா தரையில் உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் வரிசையாக வந்தது, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கரையில் துவக்கோடு நின்றவர்கள் பெண்களின் காதையும் கழுத்தையும் பார்த்தார்கள், சாக்கைக் கொட்டினார்கள், பால் போத்தலைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளைகளின் வாயை யாரும் பார்க்கவில்லை. பிறகு வள்ளம். தம்பி பின்பக்கம் அந்த நீலக் கேனின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான், குதிரையில் இருப்பது போல். வள்ளம் ஒரு அலையில் தூக்கிப் போடுகிறது. கேனும் அவனும் சேர்ந்து போகிறார்கள். சத்தமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய் மூடியிருக்கிறது. கேன் மேலே வருகிறது, கேன் மட்டும்.

நான்தான் கொன்றேன் என்று அவள் முடிவு செய்தாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் வள்ளக்காரர் திரும்பியிருப்பார். உம்மா சொன்ன சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளையாக இருந்து தம்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். இருபத்து நான்காவது தலை யாருடையது என்று இப்போது தெரிந்தது. அன்றிலிருந்து பிள்ளைகளைத் தலை எண்ணும் வேலையை ஹஃபீலாவிடம் விட்டுவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. றிப்னாஸ் கேட்டான், சொல்லவில்லை. மகள் நஸ்ஹா மதுரங்குளியில் மாமி வீட்டிலிருந்து படிக்கிறவள், தொலைபேசியில் மர்ஷூதாவின் குரலைக் கேட்டுவிட்டு, "உம்மா, ஒங்களுக்கு என்ன?" என்றாள். அவளுக்கும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் றஹ்மத் உம்மா உம்றாவுக்குப் புறப்படுகிற ஆயத்தத்தில் இருந்தார். கட்டாரில் வேலை செய்யும் தங்கையின் மகன் ஒழுங்கு செய்திருந்தான். மக்காவுக்குப் போகிறவர்கள் போகுமுன் வீடு வீடாகப் போய், "பேச்சிலயோ நடத்தையிலயோ ஏதும் பிழ செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேட்கப்பட்டவர், "மன்னிச்சிட்டேன், நீங்களும் மன்னிங்க" என்று சொல்ல வேண்டும். மனிதர் மன்னிக்காததை இறைவனிடம் கொண்டுபோக முடியாது என்பது ஊரின் நம்பிக்கை. றஹ்மத் உம்மா தெருவில் ஒரு வீடு விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பத்து வருஷம் முகம் பாராமல் இருந்தவளிடம்கூடப் போய்க் கேட்டுக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்.

மகனைக் கொன்றது யார் என்று தெரியாமல் உம்மா கஃபாவின் முன்னால் போய் நிற்கக் கூடாது என்று மர்ஷூதாவுக்குப் பட்டது. அஸர் தொழுதுவிட்டு உம்மா கட்டிலில் இருந்தார். பிரயாணப் பை பக்கத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தது.

"உம்மா, முபாரிஸ் காய்ச்சல்லயா மௌத்தான?"

"ஓம். எத்தன தரம் சொல்லியிருக்கேன்."

"எங்க அடக்கின?"

"கல்பிட்டில."

"எந்தப் பள்ளி மையவாடில?"

றஹ்மத் உம்மா பைக்குள் வைக்க எடுத்த துவாயை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார்.

"உம்மா, எனக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுது" என்றாள் மர்ஷூதா. அவளுடைய குரல் எப்போதும்போலப் பாதிதான் கேட்டது. "நான் பாத்துக்கிட்டு இருந்தேன். கேனோட சேந்து விழுந்தான். நீங்க தொறக்காத எண்டு சொன்னீங்க, நான் தொறக்கல்ல. ஒரு சத்தம் போடல்ல. என்னாலதான் உம்மா. என்னை மன்னிச்சிட்டுப் போங்க."

இந்த இடத்தில் றஹ்மத் உம்மா, "போகட்டும் மகள், சின்னப் புள்ள தானே, மன்னிச்சிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகள் தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்ட சுமை அது. சொல்லியிருந்தால் வீடு பழையபடி இருந்திருக்கும். அவர் துவாயைக் கீழே வைத்தார். அந்த மனுசிக்கு என்ன குறை இருந்தாலும், அன்றைக்கு அவர் தப்பி ஓடவில்லை.

"நீ கத்தினாய்" என்றார்.

மர்ஷூதாவுக்கு விளங்கவில்லை.

"நீ கத்தினாய் மகள். ஒருக்கா இல்ல, மூணு தரம். வாய்க்குள்ள சீல இருந்திச்சு, நீ சொன்னது வெளங்கல்ல. நீ துப்பப் போறாய் எண்டு நினைச்சேன். ஒன் வாயப் பொத்தினேன். நீ திமிறினாய், நான் இன்னும் இறுக்கிப் பொத்தினேன். நான் பின்னுக்குத் திரும்பிப் பாக்கல்ல. ஒன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வலது கையை நீட்டினார். பெருவிரலுக்குக் கீழே சதையில் பிறை போல ஒரு வெள்ளைத் தழும்பு. "நீ கடிச்சது. அப்பதான் கைய எடுத்தேன். அப்பதான் திரும்பிப் பாத்தேன். வள்ளக்காரன் மூணு சுத்துச் சுத்தினான். கேன் கிடந்திச்சு."

"கரையில நிண்டவனுகளுக்குப் பயந்து..." என்று மர்ஷூதா தொடங்கினாள். உம்மாவுக்கு ஒரு வழி திறந்துகொடுக்கத்தான் பார்த்தாள்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பாங்க. ஒளிச்சது பிடிபட்டா வள்ளத்தையே திருப்புவம் எண்டு சொன்னவனுகள்தான். ஆனா, மக்காவுக்குப் போற வாயால பொய் சொல்ல ஏலாது. அந்த நேரம் நான் அவனுகள நினைக்கல்ல. ரெண்டு மோதிரம், ஒரு சோடித் தோடு. அதத்தான் நினைச்சேன். கடல்ல விழுந்திடும் எண்டு." அவர் நீட்டிய கையை மடக்கினார். "அத வித்துத்தான் இந்தக் காணி. வேற வள்ளத்தில வந்த ஒன் வாப்பாட்ட, பிள்ள தவறி விழுந்திட்டான் எண்டு மட்டும்தான் சொன்னேன், கை வச்சதச் சொல்லல்ல. வள்ளத்தில வந்த சனம் நாலு பக்கமும் போயிட்டுது. நீ அடுத்த நாள் எழும்பித் தம்பி எங்க எண்டு கேட்டாய். காய்ச்சல் எண்டு சொன்னேன். நம்பினாய். அல்லாஹ் ஒனக்கு மறதியத் தந்திட்டான் எண்டு நினைச்சேன். ஆனா நீ சத்தமாக் கதைக்கிறதையும் அதோட நிப்பாட்டினாய்."

மஃரிப் பாங்கு கேட்டது. றஹ்மத் உம்மா எழும்பித் தொழுகைக்கு ஒழு எடுக்கப் போனார். மன்னிப்பு என்ற சொல்லை அன்று அவர் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மர்ஷூதா றோசலின் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. "நான் கத்தினது மறந்திட்டுது மிஸ். கத்தாத மாதிரித்தான் ஞாபகம் வந்திச்சு. ஏன் மனம் இப்பிடிப் பொய் சொல்லுது?"

றோசலின் மிஸ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது. "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அம்மா வேணும். ஊரும் போச்சு, வீடும் போச்சு, அம்மா மட்டும்தான் மிச்சம். அவவிலதான் பிழை எண்டா அந்தப் பிள்ளை ஆரிட்டப் போறது? பிழையைத் தன்ர தலையில போட்டா அம்மா மிஞ்சுவா. பிள்ளையள் அப்பிடித்தான் செய்வினம். அம்மாவைக் காப்பாத்திறதுக்குத் தங்களைக் குற்றவாளியாக்குவினம். நீங்கள் முப்பத்து நாலு வருசம் அவவைக் காப்பாத்தியிருக்கிறியள்."

மர்ஷூதா அந்த வசனத்தை பஸ்ஸில் வீடு வரை கொண்டுவந்தாள். காப்பாற்றியிருக்கிறேன். அப்படியென்றால் என்னை யார் காப்பாற்றினார்கள்? முதல் முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபம் இல்லை. ஐந்து வயதிலிருந்து சேர்ந்த கோபம், வட்டியும் முதலுமாக.

செவ்வாய்க்கிழமை அது நடந்தது. சின்னப் பையன் ஒருவன் பள்ளிக் கிணற்றுக் கட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். ஹஃபீலா அன்றைக்கு லீவு. மர்ஷூதாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அவளே அடையாளம் காணவில்லை. "இறங்கு" என்ற ஒரே சொல். பையன் பயந்து பின்பக்கமாக மணலில் விழுந்து அழுதான், அவனைப் பார்த்து மற்ற இருபத்திரண்டு பிள்ளைகளும் அழுதார்கள், ரோட்டால் போன றைஸாவின் வாப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வந்து பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேலை தப்பியது. மர்ஷூதா அழுகிற பிள்ளைகள் நடுவில் நின்று, எரிகிற தொண்டையைத் தடவிக்கொண்டாள். நாக்கில் எந்தச் சுவையும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வேன் வந்தது. தெருவே வாசலில் நின்றது. ஆண்கள் பைகளை ஏற்றினார்கள், பெண்கள் றஹ்மத் உம்மாவை ஒவ்வொருவராகத் தழுவினார்கள். எங்களுக்காகவும் துஆக் கேளுங்க என்று ஆளாளுக்கு ஒரு தேவையைச் சொன்னார்கள். குழாயடிக்காரி எல்லாரையும் விடக் கூட அழுதாள். கடைசியாக அவர் மர்ஷூதாவுக்கு முன்னால் வந்து நின்றார். ஊரார் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். தாயும் மகளும் பிரிகிற இடம், யாருக்கும் அதில் புதினம் இல்லை.

வீடு வீடாகச் சொன்ன அந்த வாய்பாட்டை றஹ்மத் உம்மா மகளிடம் சொல்லவில்லை. "மகள், இந்தத் தெருவில எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். ஒன்ட்ட மட்டும்தான் கேக்கல்ல" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நீ மன்னிச்சாத்தான் என்ட உம்றா உம்றா."

மர்ஷூதா உம்மாவைப் பார்த்தாள். மெலிந்த தோள், வெள்ளை அபாயா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. இந்தக் கைதான் சோறு ஊட்டியது, தலை வாரியது, நஸ்ஹா பிறந்தபோது நாற்பது நாள் வெந்நீர் வார்த்தது. உம்மாமீது அவளுக்கு இருந்த அன்பில் ஒரு துளி குறையவில்லை. அதுதான் கொடுமை. "மன்னிச்சிட்டேன்" என்பது ஒரு சின்னச் சொல், குழாயடிக்காரி சொன்னாள், ஊரே சொன்னது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது முப்பத்தொன்பது வயது டீச்சர் அல்ல. வள்ளத்தில் மூன்று தரம் கத்திய அந்த ஐந்து வயதுக்காரி சொல்ல வேண்டும். அவள் இன்னும் பின்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாரதி ஹோன் அடித்தான். றஹ்மத் உம்மா அசையவில்லை. அவருடைய கண் மகளின் வாயைப் பார்த்தபடி இருந்தது. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. தெருமுனைவரை கேட்கும்படி கூப்பிடக்கூடிய குரல் அவளிடம் இப்போது இருந்தது. மர்ஷூதா வாயைத் திறந்தாள். பிறகு மெல்ல மூடினாள். இந்த முறை அதன் மேல் யாருடைய கையும் இருக்கவில்லை.

றஹ்மத் உம்மா ஓம் என்பதுபோல் ஒருமுறை தலையை அசைத்தார். பிறகு திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேனில் ஏறினார்.